தண்ணீரும் மண்ணும் இல்லாத ஓர் அஸர்

இதை வாசிக்கிற உங்கள் எல்லோர் மீதும் அல்லாஹ்வின் சாந்தி இறங்கட்டும். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவனாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் சொல்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில், என் நாக்கு தடித்துப் போனது. அதிகாலை சுபுஹு தொழுகைக்குப் பின் குர்ஆன் ஓத உட்கார்ந்தால் சொற்கள் வாய்க்குள்ளேயே இடறின. கண்ணாடியில் பார்த்தேன். நாக்கின் இரண்டு ஓரத்திலும் பல் பதிந்த தடம். கண்களைச் சுற்றி ஊதா நிறத்தில் கன்றியிருந்தது. என் மனைவி நூர்ஜஹானின் தம்பி அப்பாஸ் அதைப் பார்த்துவிட்டு, “என்ன மச்சான், அக்கா கை வச்சிருச்சா?” என்று கேட்டான். நானும் சிரித்தேன். திராட்சைக் கொடிக்கு மருந்தடித்தபோது கண்ணில் தெறித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் பெயர் காதர் மைதீன். வயது ஐம்பத்து நான்கு. கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற ரோட்டில் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை வைத்திருக்கிறேன். காலையில் பந்தலுக்குள் நுழைந்தால் பகல் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவேன். அந்தக் கார்த்திகையில் பந்தலின் நடுவே நின்றுகொண்டிருந்தவனுக்குக் கண் இருட்டியது. கல்தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கால்கள் வீங்கியிருந்தன. சிறுநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்துப் போனது. உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது. மாடிப்படி ஆறு ஏறினால் ஏழாவதில் நிற்க வேண்டும்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குப் புரியாது. நான் சுத்தக்காரன். சாதாரணச் சுத்தக்காரன் இல்லை. தொழுகைக்கு முன் ஒளுச் செய்ய உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன். முழங்கை வரை மூன்று முறை கழுவினால் போதும். நான் நாலாவது முறை கழுவுவேன். முதல் மூன்றில் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகம் வரும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். பள்ளிவாசல் ஹவுள் தொட்டியில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் ஒளுச் செய்து, தொழுது, வீட்டுக்கும் போய்விடுவார்கள். “சுத்தம் சோறு போடும்னு சொல்வாக. உங்க சுத்தம் என்னையச் சோறாக்க விடாது போலருக்கே, தொட்டியில பொட்டுத் தண்ணியில்ல” என்பாள் நூர்ஜஹான். கேலிதான். நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். மறுமையில் என் கைகால்கள் மற்றவர்களை விட வெளிச்சமாக இருக்கும் என்று உள்ளுக்குள் ஓர் எண்ணம்.

தேனியில் பார்த்தோம். மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரையில் சிறுநீரகத்திலிருந்து துணுக்கு எடுத்தார்கள். தொப்புளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் கொழுப்பு எடுத்தார்கள். இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். பத்து நாள் கழித்து ஒரு பெயர் சொன்னார்கள். அமிலாய்டோசிஸ். கம்பத்தில் ஒருவருக்கும் தெரியாத பெயர். எனக்கும் அதைச் சொல்ல நாக்குப் புரளவில்லை.

மதுரை டாக்டர் பொறுமையாக விளக்கினார். எலும்பு மஜ்ஜைக்குள் சில செல்கள் கெட்டுப்போயிருக்கின்றன. அவை ஒரு புரதத்தை விடாமல் தயாரித்து ரத்தத்தில் விடுகின்றன. வாய்க்காலில் வண்டல் படிவதுபோல் அது சிறுநீரகத்தில் படிகிறது, நாக்கில் படிகிறது. இருதயத்தில் நிறையப் படிந்துவிட்டால் பிறகு செய்ய ஒன்றுமில்லை.

“அந்த வண்டலை எப்பிடிச் சார் கழுவுறது?” என்று கேட்டேன்.

“கழுவ முடியாதுங்க. மேல மேல வராம நிறுத்தலாம். நிறுத்திட்டா, உடம்பு தானாக் கொஞ்சம் கொஞ்சமாச் சரிபண்ணிக்கும்.”

கழுவ முடியாது என்ற சொல் என்னை அடித்துப் போட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி மலைகள் தெரிந்தன. மேகம் பாதி மலை வரை இறங்கியிருந்தது. வெளியே நாலு முறை கழுவிக்கொண்டிருந்தவனுக்கு உள்ளே அழுக்கு படிந்துகொண்டே இருந்திருக்கிறது. என்ன பாவம் செய்தேன் என்று தேடிப் பார்த்தேன். எதுவும் பெரிதாகக் கிடைக்கவில்லை. அதுவே பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நூர்ஜஹானிடம் சொன்னேன். அவள் அழவில்லை. எழுந்து போய் இரண்டு ரக்அத் தொழுதாள். எனக்குத் தொழக்கூடத் தோன்றவில்லை.

எங்கள் பழத்தை வாங்கும் கேரள வியாபாரி ஒருவர் சொல்லித்தான் எர்ணாகுளம் போனோம். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. டாக்டரம்மாவுக்கு எங்கள் தமிழ் நன்றாகப் புரியும். அவர்தான் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை என்றார். யாரிடமிருந்தோ வாங்கி வைப்பார்கள் என்று நான் நினைத்தேன். இல்லை. என் செல்களையே எடுத்து உறைய வைத்துவிடுவார்கள். பிறகு மிகக் கடுமையான மருந்து ஒன்றை ஏற்றி மஜ்ஜையை வெறுமையாக்குவார்கள். கெட்ட செல்கள் அதில் அழியும். நல்லவையும் சேர்ந்தே அழியும். அதன் பின் எடுத்து வைத்ததைத் திருப்பி ஏற்றுவார்கள். அது மஜ்ஜைக்குள் போய் உட்கார்ந்து புது ரத்தத்தைத் தயாரிக்கும்.

“கவாத்து மாதிரியா?” என்று கேட்டேன். கொடியை மொட்டையாக வெட்டிவிட்டுத் துளிருக்குக் காத்திருப்பதைச் சொன்னேன்.

“அதே மாதிரிதான். ஆனா துளிர் வர்ற வரைக்கும் உங்ககிட்ட எதிர்ப்புச் சக்தி சுத்தமா இருக்காது. அந்த ரெண்டு வாரம்தான் கஷ்டம்” என்றார் டாக்டரம்மா. “எல்லாருக்கும் இதைச் செய்ய முடியாது. இருதயம் தாங்கணும். முதல்ல அதைப் பாக்கணும்.”

இருதயத்தைப் பார்த்தார்கள். வண்டல் கொஞ்சம்தான் படிந்திருந்தது, தாங்கும் என்றார்கள். அல்லாஹ்வின் அருளாக எனக்குக் கிடைத்த முதல் ரஹ்மத் அதுதான். அன்று அதை அப்படி எண்ணத் தெரியவில்லை.

வாரம் ஒருமுறை வயிற்றில் போடுகிற ஊசி இரண்டு மாதம் போட்டார்கள். மாசி பிறந்ததும், ரஜப் மாதக் கடைசியில் அட்மிட் ஆகப் புறப்பட்டோம். கூடலூர் தாண்டி மலை ஏறும்போது ஜீப்புக்குள் பனிமூட்டம் வந்தது. எதிரே வருகிற வண்டியின் விளக்குகூடத் தெரியவில்லை. நூர்ஜஹான் என் கையைப் பிடித்திருந்தது மட்டும் தெரிந்தது. குமுளியில் டீ குடிக்க இறங்கியபோது கீழே எங்கள் ஊர்ப்பக்கம் முழுவதும் வெள்ளையாக மூடிக் கிடந்தது. ஊர் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. அந்த நேரத்திலிருந்து வீடு திரும்பும் வரைக்கும் நடந்த எல்லாமே எனக்கு இன்றும் ஒரு கனவுக்குள் நடந்தது போலத்தான் ஞாபகமிருக்கிறது.

செல் எடுக்கும் நாளில் ஒரு மெஷினுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். ஒரு குழாயில் என் ரத்தம் வெளியே போனது. மெஷினுக்குள் சுற்றியது. இன்னொரு குழாயில் எனக்கே திரும்பி வந்தது. ஐந்து மணி நேரம். மெஷின் தாலாட்டுப் போல மெதுவாக முனகிக்கொண்டே இருந்தது. கண்ணை மூடினால் கண்ணுக்குள் இளஞ்சிவப்பாக ஒரு வெளிச்சம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியே நம் பக்கம் வருகிற சத்தம் கேட்பதுபோல் இருந்தது. நான் எங்கே இருக்கிறேன், ரத்தம் எங்கே போகிறது என்ற கவலை எல்லாம் விட்டுப்போய்த் தூங்கிவிட்டேன்.

கடுமையான மருந்து ஏற்றுகிற நாளில் வாய் நிறைய ஐஸ் கட்டிகளைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார்கள். வாய் விறைத்திருந்தால் மருந்து அங்கே அதிகம் போகாது, புண் குறையும் என்றார்கள். மாசி வெயில் நேரத்தில் குழந்தைபோல் ஐஸ் தின்றுகொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து என் செல்கள் திரும்ப வந்தன. ஒரு சின்னப் பை. நீர்த்த திராட்சைச் சாறு நிறம். ஏற்றும்போது அறை முழுக்கப் பூண்டு வாசம். என்னிடமிருந்துதான் அந்த வாசம் வருகிறது என்று நர்ஸ் ஜின்ஸி சொன்னாள். ஜின்ஸி இருபத்தைந்து வயதுப் பெண், கிறிஸ்தவள். என்னை ‘இக்கா’ என்று கூப்பிடுவாள். கேரள முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அதன் பிறகு கண்ணாடிக் கதவு போட்ட அறை. நூர்ஜஹான் வெளி அறையில் இருப்பாள். கையைக் கழுவி, முகமூடி போட்டு, குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் உள்ளே வரலாம். பூ கூடாது. பழம் கூடாது. குழாய்த் தண்ணீரைத் தொடக் கூடாது. கையில் மருந்து போகும் குழாய்க்குக் கட்டுப் போட்டிருந்தார்கள், அது நனையக் கூடாது. உடம்பை ஈரத் துணியால் துடைத்துவிடுவார்கள். குடிக்கிற தண்ணீர்கூட அளந்துதான். அப்படியானால் நான் ஒளுச் செய்வது எப்படி? கைக்கு ஒரு மருந்துத் திரவம் வைத்திருந்தார்கள். அதில் சாராயம் கலந்திருக்கிறது என்று அப்பாஸ் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. அதைத் தேய்த்த கையோடு தொழலாமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். உயிர் ஊசலாடுகிற நேரத்தில் என் கவலையைப் பாருங்கள்.

தண்ணீர் இல்லாவிட்டால் மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்துகொள்ள மார்க்கம் அனுமதிக்கிறது. மண் சுத்தம் என்று அல்லாஹ்வே சொல்லியிருக்கிறான். அப்புறம் ஆஸ்பத்திரி என்ன சொல்வது? நான் எங்கள் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குத் தெரியாததா என்ற திமிர்தான். அப்பாஸுக்குப் போன் செய்தேன்.

“மாப்ளே, நம்ம தோட்டத்துல ஒம்பதாம் தூணுக்குக் கிட்ட நல்ல காஞ்ச மண்ணா ஒரு கைப்பிடி எடுத்துச் சலிச்சுக் கொண்டா. அக்காவுக்குத் தெரிய வேணாம்.”

“மச்சான், அங்கன அதெல்லாம் விட மாட்டாகளே.”

“தஸ்பீஹ் மணி வச்சிருக்கிற டப்பாவுக்குள்ள போட்டுக் கொண்டா. மேலாகத் தொடச்சுட்டு உள்ள குடுத்துருவாக. தொறந்து பாக்க மாட்டாக.”

அவன் மறுத்துப் பேசத் தெரியாதவன். அத்தனை தூரம் பஸ்ஸில் அந்த மண்ணைச் சுமந்துகொண்டு வந்தான். டப்பா உள்ளே வந்தது. அன்று நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் போர்வைக்கு அடியில் மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவிக்கொண்டேன். எங்கள் தோட்டத்து மண்ணின் வாசம் வந்தது. பந்தலுக்குக் கீழே மழைக்கு முன்பு வருகிற அதே வாசம். அழுதுவிட்டேன். இரண்டு நாள், எல்லா வேளைத் தொழுகைக்கும் அப்படிச் செய்தேன். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை குளிர் வந்தது. பல் கிட்டிப் போகிற குளிர். காய்ச்சல் நூற்று மூன்றைத் தாண்டியது. அன்று என் வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. படுக்கைத் துணியை மாற்ற வந்த ஜின்ஸி குனிந்து எதையோ பார்த்தாள். விரலால் தொட்டாள்.

“இக்கா, இது எந்தா? மண்ணா?”

என் கண் தலையணைப் பக்கம் போனது. தலையணைக்கு அடியிலிருந்த டப்பாவை அவளே எடுத்தாள். திறந்ததும் அவள் முகம் வெளுத்துப் போனது. திட்டவில்லை. ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். டாக்டரம்மா டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“காதர் மைதீன், மண்ணுல கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைக்காளான் இருக்கு. நமக்கு ஒண்ணும் செய்யாது. இப்ப உங்களுக்கு அது நுரையீரல்ல போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. இதை யார் கொண்டு வரச் சொன்னது?”

“நான்தான்” என்றேன். தடித்த நாக்கில், புண்ணான வாயில், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலில் சின்னதாக ஒரு நிழல் தெரிந்தது. மருந்துகளை மாற்றினார்கள். அந்த மண்ணால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, மண் இல்லாமலும் இந்தச் சமயத்தில் காய்ச்சல் வரும் என்று டாக்டரம்மா பிறகு நியாயமாகச் சொன்னார். ஆனால் அன்று எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என் கையாலேயே என் குழியைத் தோண்டிக்கொண்டேன்.

நூர்ஜஹான் உள்ளே வந்தாள். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

“மூணு மாசமா உங்களக் காப்பாத்திக் குடுன்னு அல்லாட்ட மடியேந்திக் கேட்டுக்கிட்டிருக்கேன். நீங்க உங்க சுத்தத்தக் காப்பாத்திக்கிட்டிருந்திருக்கீக. அவன் வேணும்னு தொழுதீகளா, நீங்க நல்லவுகன்னு காட்டத் தொழுதீகளா?”

முப்பது வருடத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. சொல்லிவிட்டு அவளே அழுதாள். வெளியே போய் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஹஜ்ரத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

“காதர் மைதீன், மண்ணேதான் வேணும்னு யாருப்பா சொன்னா? கழுவித் தொடச்ச கல்லுலகூடத் தயம்மும் கூடும். கல்லும் இல்லைன்னா இருக்கிறபடிக்கே தொழுவு. கண்ணால ஜாடை பண்ணித் தொழுவு. உசுரு அவன் நம்பிக் குடுத்த அமானிதம். அதப் பேணுறது மொதக் கடமை. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

அன்று பகலில் வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. எனக்கு டயப்பர் கட்டியிருந்தார்கள். துணியில் வாந்தி வாடை. வாயிலிருந்து ரத்தம் கலந்த எச்சில் வடிந்தது. ஒரு சொட்டு அசுத்தம் பட்டால் சட்டையையே மாற்றுகிறவன், அசுத்தத்துக்குள்ளேயே கிடந்தேன். வெயில் சாய்ந்து ஜன்னல் வழியாக மஞ்சளாக விழுந்தது. பிற்பகல் தொழுகையான அஸர் நேரம் என்று தெரிந்தது. எழுந்திருக்க முடியவில்லை. கையைத் தூக்க முடியவில்லை.

அப்போது நான் விழித்திருந்தேனா தூங்கினேனா தெரியாது. மேற்கூரை மெல்ல மெல்லப் பச்சையானது. திராட்சைப் பந்தல் மாதிரி இலை இலையாகப் படர்ந்தது. இலைகளுக்கு நடுவே வெளிச்சம் சொட்டுச் சொட்டாக என் மேல் விழுந்தது. ஏசி ஓடுகிற சத்தம் வாய்க்கால் சத்தமாக மாறியது. நான் ஒளுச் செய்யத் தண்ணீர் தேடிப் பந்தலுக்குள் நடக்கிறேன். சத்தம் கேட்கிறது, தண்ணீர் இல்லை. குனிந்து மண்ணைத் தொடப் போகிறேன். கைக்கு மண் தட்டுப்படவில்லை. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. பயந்து நடுங்கினேன். இத்தனை வருடம் எதன் மேல் நின்றுகொண்டிருந்தேனோ அது போய்விட்டது. விழப் போகிறேன் என்று நினைத்தேன். விழவில்லை.

அங்கே நின்றபடியே கேட்டேன். அரபியில் இல்லை. எங்கள் வீட்டில் பேசுகிற தமிழில்தான் வந்தது.

“யா அல்லாஹ், என்கிட்டத் தண்ணியும் இல்ல, மண்ணும் இல்ல, சுத்தமான துணியும் இல்ல. காட்டுறதுக்கு ஒண்ணுமே இல்ல. இருக்கிறபடியே வந்திருக்கேன். என்னையத் தள்ளிறாத.”

இமையால் குனிந்து ருகூவு செய்தேன். இமையாலேயே நெற்றி பதித்து ஸஜ்தா செய்தேன். எத்தனை ரக்அத் என்று எண்ணவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக, தொழுகை கூடியதா இல்லையா என்ற சந்தேகம் எனக்கு வரவில்லை. பச்சை வெளிச்சம் நெஞ்சு வரை ஏறி வந்தது. அதில் மிதந்தபடியே தூங்கிப்போனேன். அப்படி ஒரு தூக்கத்தை நான் அதற்கு முன்னும் தூங்கியதில்லை, பின்னும் தூங்கியதில்லை.

மறுநாள் காய்ச்சல் நூற்று ஒன்றுக்கு இறங்கியது. அதற்கு மறுநாள் இல்லாமலே போனது. “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு மச்சான்” என்று அப்பாஸ் கண்ணாடிக்கு வெளியே நின்று சொன்னான். சொல்லிவிட்டு அவன்தான் தேம்பித் தேம்பி அழுதான். டப்பாவைச் சுமந்து வந்த குற்றம் அவனை அந்த மூன்று நாளும் சாப்பிட விடவில்லை என்று நூர்ஜஹான் சொன்னாள். செல் ஏற்றிய பன்னிரண்டாம் நாள் காலை ஜின்ஸி ஒரு தாளை ஆட்டிக்கொண்டு வந்தாள். “இக்கா, கவுண்ட் வந்நு!” வெள்ளை அணுக்கள் தலைகாட்டியிருந்தன. பூஜ்யத்திலிருந்து நானூறு. அடுத்த நாள் ஆயிரத்துக்குப் பக்கம். துளிர் விட்டுவிட்டது. என் மஜ்ஜை என்னை மறுபடி ஏற்றுக்கொண்டது. அல்ஹம்துலில்லாஹ், புகழெல்லாம் அல்லாஹ்வுக்கே.

குணம் மருந்தால் வந்ததா, அல்லாஹ்விடம் கேட்ட துஆவால் வந்ததா என்று சிலர் கேட்கிறார்கள். அந்த மருந்தையும், அதைக் கொடுக்கத் தெரிந்த டாக்டரம்மாவையும், போர்வையில் மண் துகளைப் பார்த்த ஜின்ஸியின் கண்ணையும் எனக்கு அனுப்பியவன் யார் என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

ஜின்ஸி இன்னொன்றும் செய்தாள். ஹஜ்ரத் கல்லைப் பற்றிச் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. லீவு முடிந்து வரும்போது தன் வீட்டுக்குப் பக்கத்து ஆற்றிலிருந்து உள்ளங்கை அளவு வழுவழுப்பான கல் ஒன்றைக் கொண்டுவந்தாள். டாக்டரம்மாவிடம் அனுமதி கேட்டு, ஆபரேஷன் கத்திகளைச் சுத்தம் செய்கிற மெஷினில் போட்டு எடுத்தாள். காகித உறையில் ஒட்டி, மேலே தேதி எழுதி, கையுறை போட்ட கையால் நீட்டினாள். “இதைத் தொட்டா ஒண்ணும் வராது இக்கா. நான் கேரண்டி” என்றாள். நான் அறையை விட்டு வருகிற வரைக்கும் அந்தக் கல்லைத் தொட்டுத்தான் தொழுதேன். வேறு வேதத்தைச் சேர்ந்த ஒரு பெண் பிள்ளை என் தொழுகைக்காகக் கல்லை வேக வைத்திருக்கிறாள். அவளுக்காக நான் கேட்காத துஆ இல்லை.

ஊருக்கு வந்தபோது தலையில் முடியில்லை, உடம்பில் சதையில்லை. அந்த வருட ரமலானில் நோன்பு வைக்க முடியவில்லை. மூன்று மாதம் கூட்டத்துக்குள் போகவில்லை, தோட்டத்து மண்ணை மிதிக்கவில்லை. நுரையீரலில் இருந்த நிழல் மறைந்துவிட்டது. கெட்ட புரதம் ஏறக்குறைய சாதாரண அளவுக்கு வந்துவிட்டதாக டாக்டரம்மா சொன்னார். கால் வீக்கம் ஒரு வருடத்தில் வடிந்தது. நாக்கு இன்னும் கொஞ்சம் தடிப்புதான், ஓதும்போது இடறுகிறது. இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எர்ணாகுளம் போக வேண்டும். நோய் திரும்பி வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். வந்தால் அன்றைக்குப் பார்த்துக்கொள்வோம். இப்போது ஒளுச் செய்ய எனக்கு ஒரு செம்புத் தண்ணீர் போதும்.

போன மாதம் ஜெயமங்கலத்திலிருந்து செல்லப்பாண்டி என்ற விவசாயி மனைவியோடு என்னைத் தேடி வந்தார். வாசலில் நின்றவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கண்ணைச் சுற்றி அதே ஊதாக் கன்றல். அவருக்கும் அதே நோய், அதே சிகிச்சை சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி விவரமெல்லாம் கேட்டார். சொன்னேன். எழுந்து போகும்போது தயங்கி நின்றார்.

“அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? நான் குளிக்காம சாமி கும்புட்டதே இல்ல. அங்கன ரூமுக்குள்ளேயே கெடக்கணுமாம்ல. அப்புறம் சாமிகிட்ட எப்பிடிப் பேசுறது?” சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். குலசாமி கோயில் திருநீறு. “இதை யாருக்கும் தெரியாம இடுப்புல சொருகிக் கொண்டு போயிரலாம்னு பாக்கேன்.”

 அவரை உட்கார வைத்து, என் வெட்கத்தை விட்டு, மண் டப்பா கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

“ஒளிச்சு மட்டும் எதையும் கொண்டு போகாதீக. நர்ஸு, டாக்டருகிட்டக் கேளுங்க. வேணாம்னா விட்டுருங்க” என்றேன்.

“அப்ப வெறுங்கையோடயா போகச் சொல்றீக?”

“நானும் வெறுங்கையோடதான் கெடந்தேன் செல்லப்பாண்டி. அந்தக் கையத்தான் அவன் புடிச்சான்.”

அவர் திருநீற்றை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்று காலை அவர் மனைவி போன் செய்தார். செல்களைத் திரும்ப ஏற்றி இன்று ஒன்பதாவது நாள். காய்ச்சல் நூற்று இரண்டு. கவுண்ட் இன்னும் வரவில்லை. “நீங்களும் உங்க சாமிகிட்டச் சொல்லுங்கண்ணே” என்று அந்த அம்மா அழுதார். அதனால்தான் இதை இன்றே எழுத உட்கார்ந்தேன். என் அன்பானவர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜெயமங்கலம் செல்லப்பாண்டிக்காகத் துஆச் செய்யுங்கள். ஒளுச் செய்துவிட்டு வருகிறேன் என்று எழுந்திருக்காதீர்கள். அடுத்த தொழுகைக்குத் தள்ளிப் போடாதீர்கள். கையில் மாவு இருக்கலாம், மண் இருக்கலாம். நீங்கள் இருக்கிற இடத்தில், இருக்கிறபடியே, இப்போதே கேளுங்கள்.